தோற்க ஓர் இடம்

முழங்கால் விலாவில் வந்து இறங்கியதும் அவளுக்கு மூச்சே முட்டியது. அடேயப்பா, என்ன பாரம்!

மேலே இருந்தவள் நகரப் பேருந்து ஓட்டும் டிரைவரம்மா. பெரிய ஸ்டியரிங்கைப் பகலெல்லாம் சுழற்றிய கை இப்போது அவளுடைய காலரைத் தேடி உள்ளே போய்க்கொண்டிருந்தது.

கீழே கிடந்தவள் தாடையை நெஞ்சோடு ஒட்டித் தடுத்துப் பார்த்தாள். இடுப்பைத் தூக்கிப் பார்த்தாள். ஊஹூம். டிரைவரம்மா அசைந்தால்தானே!

நாற்பத்தெட்டு வயதில் இதென்ன கூத்து என்று நீங்கள் கேட்கலாம். அவள் வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டார். கேட்டுவிட்டு, போகிற போக்கில் தன்மேல் எதையும் பழகிப் பார்க்கக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

பிரேசிலியன் ஜூஜிட்சு. சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குத்து கிடையாது, உதை கிடையாது. தரையில் உருண்டு புரண்டு பிடிக்க வேண்டும், மடக்க வேண்டும், சட்டைக் காலராலேயே கழுத்தை இறுக்க வேண்டும். தாங்க முடியாதவர் எதிராளியின் உடம்பில் இரண்டு தட்டுத் தட்டினால் தோல்வி. அந்த நொடியே பிடியை விட்டுவிட வேண்டும்.

போய்வரக்கூடிய தூரத்தில் மூன்று பயிற்சிப் பள்ளிகள் இருந்தன. மூன்றிலும் ஒரு நாள் பழகிப் பார்த்துவிட்டு, பிடித்த இடத்தில் சேர்வதாகத் திட்டம்.

முதல் பள்ளியில் மாஸ்டரே ஓடி வந்து நாற்காலி போட்டார். மல்லுக்கட்ட வந்தவளுக்கு நாற்காலி எதற்கு? ஜோடி சேர்ந்தவர் வாசல்நிலையில் தலை இடிக்கிற உயரம். அவள் சட்டையைத் தொட்டாளோ இல்லையோ, மனிதர் பொத்தென்று விழுந்து, பட்பட்டென்று தட்டி, பிரமாதம் என்று கையும் தட்டினார்.

இரண்டாவது பள்ளியில் நான்கு பேரோடு மோதினாள். நான்கு பேரையும் ஜெயித்தாள். முதல் நாளே! காலருக்குள் எந்தக் கையை விடுவது என்றுகூட அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

காரணம் தெரியாமல் இல்லை. அவள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதுதான் வினை. இருபத்திரண்டு வருடமாக அவளைக் கண்டாலே இந்த வட்டாரம் பெட்டிப்பாம்பாய் அடங்கிவிடுகிறது. ஒரே ஓர் இடத்திலாவது யாராவது பயப்படாமல் அவளைப் புரட்டி எடுக்க மாட்டார்களா? இந்த மூன்றாவது பள்ளியும் அப்படியே என்றால் ஆசையை மூட்டைகட்டிப் பரண்மேல் போட வேண்டியதுதான்.

காலர் இறுகியது. காதுக்குள் ஙொய்யென்று ஒரு சத்தம். கண்ணில் பூச்சி பறந்தது.

டிரைவரம்மாவின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள். பிடி சட்டென்று விட்டது.

தோற்றுவிட்டாள்! நிஜமாகவே தோற்றுவிட்டாள்! மல்லாந்து கிடந்தபடியே சிரித்தாள்.

எழுந்து மறுபடி கைகொடுத்தாள். மறுபடி தோற்றாள். மூன்றாவது சுற்றில் முழங்கையை மடக்கி உயிரை வாங்கிவிட்டாள் அந்த மகராசி. நான்காவதை எண்ணுவதற்குள் ஐந்தாவதும் போயிற்று. இந்த வயதில் இவ்வளவு சந்தோஷம் உடம்புக்கு ஆகுமா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

இங்கேதான். இன்றைக்கே. யோசிக்க என்ன இருக்கிறது?

மூலை மேசையில் சேர்க்கைப் படிவம் இருந்தது. பெயரை எழுதினாள். வயதை உள்ளபடி எழுதினாள். ரத்த வகையை எழுதினாள். அடுத்த கட்டம் தொழில்.

பேனா நின்றது.

டிரைவரம்மாவுக்கு அவள் யார் என்று தெரியாது. அதனால்தானே இந்தப் போடு போட்டாள்! இதில் உண்மையை எழுதினால் மாஸ்டர் பார்ப்பார், பேச்சு நாலு பேர் காதுக்குப் போகும், அடுத்த வாரமே இவளும் தொடுவதற்கு முன்னால் விழுவாள். ஐயோ, வேண்டவே வேண்டாம். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். கிடைக்காவிட்டால் பட்டினி கிடந்துகொள்ளலாம்.

‘தையல்’ என்று எழுதினாள்.

முதுகுக்குப் பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டது. டிரைவரம்மா கழுத்து வியர்வையைத் துடைத்தபடி படிவத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தையலா? அப்ப நாளைக்குக் காலையில பத்து மணிக்கு என் கடவாய்ப்பல்லை யாரு பிடுங்குவாங்க, டாக்டர்?”

பல் டாக்டர் சட்டென்று படிவத்தைக் கவிழ்த்துப் போட்டாள். இந்த வட்டாரத்தில் அவளுடைய குறடு நுழையாத வாய் அநேகமாகக் கிடையாது. அவளுடைய ஆஸ்பத்திரி வாசலில்தான் டிரைவரம்மா தினமும் எட்டு நடை பேருந்தை நிறுத்துகிறாளாம். பலகையில் இருக்கிற போட்டோவைப் பார்த்துப் பார்த்து முகம் மனப்பாடமாம். போன வாரமே போன் செய்து நேரமும் வாங்கிவிட்டாளாம்.

எல்லாம் தெரிந்துகொண்டேவா இந்த நெரி நெரித்தாள்?

“அது நாளைக்கு டாக்டர். நாளைக்கு நீங்க என்ன வேணா பண்ணிக்குங்க,” என்று டிரைவரம்மா அவள் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி மேசையில் வைத்தாள். “இப்ப வாங்க, இன்னொரு சுத்துக்கு நேரம் இருக்கு.”

டாக்டர் படிவத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மல்லுக்கட்டும் மெத்தைக்கு ஓடினாள்.