பன்னிரண்டு கச்சேரி கேட்டவர்

சபையின் கலைவிழா முடிய ஒருநாள்தான் இருந்தது. பாட்டுக்கான தங்கப் பதக்கம் யாருக்கு என்பதில் கமிட்டி இரண்டாக உடைந்து, வேட்டியை மடித்துக்கட்டும் அளவுக்கு வந்துவிட்டது.

"ஏலே, நிறுத்துங்க!" என்றார் செயலாளர் காசிலிங்கம். "பன்னெண்டு கச்சேரிக்கும் டிக்கெட் எடுத்து வந்தவரு கஸ்பார் ஒருத்தருதான். நம்மளே ரெண்டு நாள் மட்டம் போட்டோம். எல்லாரும் ஓஞ்ச பொறவும் கைதட்டுத மனுசன்லா! அவரு சொல்லட்டும்."

இரு கட்சியும் ஒப்புக்கொண்டன.

காசிலிங்கம் கடற்கரைத் தெருவுக்குப் போனபோது, கஸ்பார் தன் வீட்டு வாசலில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இந்த வருசம் யாரு பாட்டு ஒசத்தி? நீங்க சொல்லுததுதான் தீர்ப்பு."

கஸ்பார் வாய் நிறையச் சிரித்தார். பதில் மட்டும் வரவில்லை. அவர் மனைவி ரெஜினாள் வெளியே வந்தாள்.

"அவுகளுக்குக் கேக்காதுய்யா. இருபத்தேழாம் வருசம் முத்துக் குளிக்க மூழ்குனப்பவே காது ரெண்டும் போச்சு."

காசிலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பொறவு எதுக்கும்மா பன்னெண்டு நாளும் வந்தாரு?"

"போன வருசப் புயல்ல இந்தத் தெருவே கூரை இல்லாம நின்னப்போ, நீங்கதான நாடகம் போட்டு வந்த காசுல ஓலை மேஞ்சு தந்தீக? 'அவுகளுக்குக் குடுக்க எங்கிட்ட என்ன இருக்கு, கைதான இருக்கு'ன்னுட்டு வந்தாக."

காசிலிங்கம் கைகூப்பினார்.

கஸ்பார் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, அவருக்கும் கைதட்டினார்.