தள்ளுவதா, இழுப்பதா

லாரிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள் லுமினிட்சா.

டிசைன் ஆபீசில் அவள் உட்காரும் அதே நாற்காலி. ப்லொயெஷ்ட்டி நகரத் தொழிற்சாலையின் முற்றம் முழுக்க அவளே தடதடவென்று உருட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

லாரியின் மேல் பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்கு டேங்க் படுத்திருந்தது. ஐந்து மாத உழைப்பு. பெயின்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை.

மேலாளர் ஸ்தெரியன் கோட்டைக்கூட மாட்டாமல் ஓடிவந்தார்.

“அம்மா தாயே, எழுந்திரிங்க. சாயங்காலம் கான்ஸ்டன்ட்சா துறைமுகத்துல கப்பல் கிளம்பிடும். என் வேலைக்கு வேட்டு வெச்சிடாதீங்க.”

“டேங்க்கை இறக்குங்க. எழுந்திரிக்கிறேன்.”

விஷயம் இதுதான். டேங்க்கின் விலாவில் ஒரு நாசில் இருக்கிறது. குழாய் வந்து சேரும் வாய். குழாய் வளைந்து போகும் விதத்தில், அது சூடேறி நீண்டால் அந்த நாசிலை வெளியே இழுக்கும். கணக்கிலோ உள்ளே தள்ளும் என்று எடுத்திருக்கிறது. ஒரே ஒரு கழித்தல் குறி செய்த கோளாறு.

தள்ளினால் பரவாயில்லை, டேங்க்குக்குள் இருக்கும் அழுத்தத்துக்கு அது எதிர். இழுத்தால் அந்த அழுத்தத்தோடு கூட்டுச் சேர்ந்துகொண்டு நாசிலின் கழுத்தையே கிழித்துவிடும். சுற்றிலும் ஒரு தடித்த தகடு வைத்துப் பற்றவைத்தே ஆகவேண்டும்.

இதைக்கூடப் பார்க்காமல் கணக்குப் போட்ட ஆளை நினைத்தாலே லுமினிட்சாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண் என்ன பிடரியிலா இருந்தது!

“தண்ணி டெஸ்ட்ல பாஸ் ஆச்சேம்மா! ஒன்றரை மடங்கு அழுத்தம் குடுத்தோம். ஒரு சொட்டு கசியல.”

“அன்னைக்கு அந்த நாசில்ல குழாய் மாட்டியிருந்துச்சா?”

அன்றைக்கு நாசிலின் வாயை மூடி போட்டு அடைத்திருந்தார்கள்; இழுக்கக் குழாயே இல்லை.

லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான். லுமினிட்சா நாற்காலியை அவன் பக்கமாகச் சுழற்றி, கால்மேல் கால் போட்டுக்கொண்டாள். கிரேன் ஓட்டும் கோஸ்டிகா மேலேயிருந்து சிரித்தான். “இன்ஜினியரம்மா உக்காந்தா உக்காந்ததுதான் சார்!”

ஸ்தெரியனுக்கு முகம் சிவந்துவிட்டது. “யாரு போட்ட கணக்கு இது? பேரைச் சொல்லுங்க, இன்னைக்கே சீட்டைக் கிழிக்கிறேன்!”

“முதல்ல இறக்குங்க. அப்புறம் சொல்றேன்.”

“உங்க ஆபீஸ் தூங்குமூஞ்சி பெட்ரேதானே?”

அவள் நாற்காலியை லாரியின் முன்சக்கரத்தை ஒட்டித் தள்ளிக்கொண்டாள். கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஓர் ஊரில் அந்த நாசிலுக்குக் கீழே ஒருவன் நின்று போல்ட் முடுக்குவான். அவனுக்கும் வீட்டில் ஆட்கள் இருப்பார்கள். எவன் கத்தினால் என்ன, அவள் நகரப்போவதில்லை.

ஸ்தெரியன் யார் யாருக்கோ போன் போட்டார், கெட்ட வார்த்தை சொன்னார், சொன்னதற்குச் சிலுவையும் போட்டுக்கொண்டார். கடைசியில் கோஸ்டிகாவைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

அரை மணி நேரத்தில் டேங்க் மரக்கட்டைகளின் மேல் வந்து அமர்ந்தது. லாரி காலியாக கேட்டைத் தாண்டிப் போனது. அது வளைவில் மறைந்த பிறகுதான் லுமினிட்சா எழுந்தாள்.

ஸ்தெரியன் படிவத்தோடு வந்தார். தகட்டின் தடிமன், வேலைக்கு எத்தனை நாள், எல்லாம் கேட்டுக் கேட்டு நிரப்பினார். ‘தவறு செய்தவர் பெயர்’ மட்டும் பாக்கி.

“இப்பவாவது சொல்லுங்க. யாரு அந்தப் புண்ணியவான்?”

பேனாவை வாங்கி, லுமினிட்சா தன் பெயரை எழுதினாள். பக்கத்திலேயே கையெழுத்தும் போட்டாள்.

ஸ்தெரியன் படித்தார். இன்னொரு தடவையும் படித்தார்.

“இதை... காலையிலேயே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா, ஒரு தடவை தப்பாப் போட்டவ ரெண்டாவது தடவை மட்டும் சரியாப் போட்டுட்டாளாக்கும்னு கேட்டுட்டு, லாரியை அனுப்பியிருப்பீங்க” என்றாள்.