பன்னிரண்டு தடவை

9.8.1972, புதன். நேற்று பதினொன்று என்று குறித்தது தவறு. பன்னிரண்டு. மாலை வகுப்புக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டேன்.

"ஆஸ்பத்திரிக்கு வந்துமா எழுதிக்கினு இருக்குற?" என்றார் நமச்சிவாயம். சபாபதி நோட்டை மூடினான்.

இருவருக்கும் ஒரே தறி. நமச்சிவாயம் தறிக்குழியில் உட்கார்ந்து, மிதிபலகையை மிதித்துச் சேலையின் உடலை நெய்வார். பக்கத்தில் சபாபதி கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைப் போடுவான். ஒருவர் எழுந்தால் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

நமச்சிவாயம் வேட்டியை விலக்கிக் காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். மிதிபலகை உரசியது என்று நினைத்து, கம்பவுண்டரிடம் இரண்டு முறை அறுத்தும் பார்த்தாயிற்று.

"புண்ணுக்கும் கரை போட்டிருக்குது பாரு, கத்திரிப்பூ கலர்ல" என்று சிரித்தவர், குரலைத் தாழ்த்தினார். "உங்க அண்ணி என் தட்டத் தனியா வெச்சுட்டாப்பா. குஷ்டம்னே முடிவு கட்டிட்டா."

உள்ளே டாக்டரம்மா புண்ணைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "இதுல யாரு கத்தி வெச்சது? அறுக்க அறுக்கப் பெருசாகுமே. வயிறு எப்படி இருக்கு?"

"வயித்துக்கு என்னம்மா, கல்லத் தின்னாலும் செரிக்கும்."

சபாபதி தயங்கினான். பிறகு நோட்டை நீட்டினான்.

"ஏழு பத்து, ஏழு அம்பது, எட்டரை... என்னப்பா இது?"

"அண்ணன் தறிய வுட்டு எழுந்து போற நேரம்மா. நாலு மாசமா."

நமச்சிவாயம் தலை குனிந்தார். "கொல்லைக்குப் போவும்போது ரத்தமும் போவுதும்மா. இத எப்படி வெளிய சொல்றது?"

"குடல்ல புண்ணு. அபூர்வமா சிலருக்கு அது தோல்லயும் இப்படிக் காட்டும். குஷ்டம் இல்ல, யாருக்கும் ஒட்டாது. மாத்திரை தர்றேன், மெதுவா ஆறும். கத்தி மட்டும் படக்கூடாது."

ஊர் திரும்பும் பஸ் வாலாஜாபாத்தைத் தாண்டியதும் நமச்சிவாயம் சபாபதியின் கையைப் பிடித்துக்கொண்டார். "கூடப் பொறந்தவன்கூட இப்படிக் கவனிச்சிருக்க மாட்டான்பா. இன்னிக்குப் புள்ளைங்களோட உட்கார்ந்து சாப்பிடுவேன்."

சபாபதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் திறந்து எழுதினான்:

'நாளைக்குச் செய்ய வேண்டிய முதல் வேலை: நமச்சிவாயம் அண்ணன் அடிக்கடி எழுந்து போய் வேலையை ஏய்க்கிறார், அவரை நிறுத்திவிட்டு வேறு ஆளைப் போடுங்கள் என்று முதலாளியிடம் நான் கொடுத்த மனுவைத் திரும்ப வாங்க வேண்டும்.'