நாலாவது வகை இருமல்

இருமலைக் கேட்டே காரணத்தை வகை பிரிக்கும் நிரல் ஒன்றை எங்கள் காற்று மாசு ஆய்வகத்தில் உருவாக்கினோம். சோதித்துப் பார்க்க மேலதிகாரி எங்கள் கூடத்திலேயே மைக் வைத்தார்.

தூசி, புகை, சளி என மூன்று வகை சுலபமாகப் பிரிந்தன. நாலாவதற்குத்தான் காரணம் பிடிபடவில்லை.

“நான் ரூமை விட்டு வரும்போதெல்லாம் இது பதிவாகுது. என்கிட்டேருந்துதான் ஏதோ பரவுது போல,” என்றார் மேலதிகாரி கவலையாக. “உங்களை ஏன் பாடாப்படுத்தணும்? ரெண்டு வாரம் லீவு போட்டுடறேன்.”

“உடம்பைப் பாத்துக்கங்க சார்,” என்றோம் உருக்கமாக.

அந்த இரண்டு வாரமும் நாலாவது வகை ஒன்றுகூடப் பதிவாகவில்லை.

திரும்பி வந்த அன்று, மாடிப்படியில் அவர் தலை தெரிந்ததும் வாசலோர டைப்பிஸ்ட் இரண்டு முறை இருமினார்.

சீட்டுக்கட்டு மேஜை டிராயருக்குள் போனது.