சிவப்பு மையில் ஒரு திருத்தம்

அப்பாவின் கட்டிலில் வக்கீல் உயிலை விரித்துப் பிடித்திருக்கிறார். ஜன்னல் வெயில் நேராக அதன் மேல் விழுகிறது. 'என் தம்பிக்கு' என்பதை அப்பா சிவப்பு மையால் அடித்து, மேலே 'என் மகளுக்கு' என்று எழுதி, ஓரத்தில் சின்னதாக ஒப்பமிட்டிருக்கிறார். முப்பது வருஷம் விடைத்தாள் திருத்திய கை. "இது பரீட்சைப் பேப்பர் இல்ல சார். ரெண்டு சாட்சி பாக்க நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் திருத்தம் செல்லும். இல்லேன்னா வீடு தம்பிக்குத்தான்" என்கிறார் வக்கீல். "வாத்தியாருக்கே முட்டையா?" என்று சாட்சிக்கு வந்த மாடிவீட்டு மாமா சிரிக்கப் பார்க்கிறார். இன்னொரு சாட்சியான மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை. சித்தப்பா போன வாரமே வீட்டை அளந்துவிட்டார்; என் அறையில் கடை வருமாம். "கை நடுங்கினா ரேகை போதும் சார். ஆனா சுயநினைவோட சொல்லணும். வீடு யாருக்கு?" என்கிறார் வக்கீல். அப்பா என்னையே பார்க்கிறார், வருகைப் பதிவேட்டில் பெயரைத் தேடுவது போல. "அப்பா, நான்தான்ப்பா" என்கிறேன். உதடு அசைகிறது. எல்லோரும் குனிகிறோம். "நீ எந்த கிளாஸ்மா?" என்று கேட்கிறார். மாமா பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொள்கிறார்.