லட்சணமான நத்தை

“விடிஞ்சா ஒரு சாவு! தினம் காலி நத்தை ஓட்டு முகத்துலதான் முழிக்க வேண்டியிருக்கு. இது வீடா, சுடுகாடா?”

ஒரு மாதமாகப் பாடிய பாட்டை, ஓர் எழுத்துகூட மாறாமல் தொட்டிக்காரரிடமும் ஒப்பித்தாள் மருமகள். ஹாலில் இருந்த கடல்தண்ணீர்த் தொட்டியைக் கழற்றி எடுத்துப்போக, ட்யூபும் கேனுமாக வந்திருந்தார் அவர்.

சோபா ஓரத்தில் மாமனார், பேப்பரும் கையுமாக. கப்பல் இன்ஜினோடு காலம் தள்ளியவர். ரிட்டையரான பிறகு அவருக்கு மிஞ்சிய கடல், இந்த நாலடித் தொட்டிதான்.

“எல்லாம் மாமாவோட அந்த அழுக்கு நத்தைங்க பண்ற வேலை. கண்ணாடியில பாசி மேயற நத்தை இருபது விட்டோம், மூணுதான் மிச்சம். இதுங்க நாள் பூரா மண்ணுக்குள்ள கிடக்க வேண்டியது, சாப்பாட்டு வாசனை வந்தா மட்டும் மூக்கை நீட்ட வேண்டியது!”

பேப்பர் லேசாக ஆடியது. சொன்னது மாமனாருக்கும் பொருந்துகிறது என்று அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. ஆனால், சொன்னதை வாபஸ் வாங்கும் வழக்கம் அவளுக்கு இல்லை.

தொட்டிக்காரர் சிரித்தார். “அதுங்க செத்ததைத்தான் தின்னும்மா. அதுங்க இல்லேன்னா தண்ணி என்னைக்கோ நாறியிருக்கும். கொலைகாரன் வேற.”

முழங்கை வரை கையை விட்டு, பாறை இடுக்கிலிருந்து ஒன்றை எடுத்தார். ஆரஞ்சு நிறம், பழுப்புக் கோடு, வழவழவென்ற ஓடு. இன்னொரு நத்தையின் ஓட்டுக்குள் வாயை நுழைத்தபடியே வெளியே வந்தது.

அவளுக்குத் தெரிந்த ஓடு. மாமனாரின் பிறந்தநாளுக்கு, “உங்க அழுமூஞ்சி நத்தைங்க நடுவுல ஒண்ணாவது லட்சணமா இருக்கட்டும்” என்று அவளே கடை கடையாகத் தேடி வாங்கியது.

“கடைக்காரன் விவரம் சொல்லாம கொடுத்திருப்பான்,” என்றார் மாமனார் அவசரமாக.

“என்ன சார்! போன தடவையே இதை எடுத்துடறேன்னு சொன்னேன், நீங்கதானே விடல?” தொட்டிக்காரர் அவள் பக்கம் திரும்பினார். “‘என் மருமக எனக்குன்னு வாங்கினதுப்பா. தெரிஞ்சா சங்கடப்படுவா’ன்னாரு. மத்ததை விட்டுவைக்கட்டும்னு, இறால் நறுக்கி இதுக்குத் தனியா ஊட்டறாரும்மா.”

ஃப்ரீசரில் இறால் குறைகிற மர்மமும் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

“தொட்டியே போகப் போகுது. அப்பக்கூட வாயைத் திறக்கலையே நீங்க?”

பேப்பர் மேலே ஏறி, மாமனாரின் நெற்றியையும் மறைத்தது.

அவள் தொட்டிக்காரர் பக்கம் திரும்பினாள்.

“ட்யூபைச் சுருட்டுங்க. தொட்டி எங்கயும் போகல. இந்த அழகனைத் தனியா வைக்க இன்னொரு சின்னத் தொட்டி கொண்டு வாங்க. இது பக்கத்துலயே இருக்கட்டும்.”

பிறகு, குரலை அவளுக்கே பழக்கமில்லாத அளவுக்குத் தணித்து, பேப்பரைப் பார்த்துச் சொன்னாள்:

“மாமா... அதைக் கொஞ்சம் கீழ இறக்குங்களேன்.”