செம்பூர் வேண்டாம்

மும்பை பார்சல் கம்பெனியின் புது ஹப்புக்கு, அதாவது சரக்கைப் பிரித்து அனுப்பும் கிடங்குக்கு, நகருக்குள் இருக்கும் செம்பூரா, வெகுதூரம் வெளியே இருக்கும் அம்பர்நாத்தா? செலவுக் கணக்கில் இரண்டும் சமமாக வந்து நின்றன. ஆபீஸில் எல்லோரும் செம்பூர் என்றார்கள். தாராவியிலிருந்து வரும் இசக்கிசெல்வி மட்டும் அம்பர்நாத்துக்காக ஒற்றைக்காலில் நின்றாள்.

“லாரிங்க சிட்டிக்குள்ள வந்து டிராஃபிக்ல மாட்ட வேண்டாம் சார். வெளியிலேயே பிரிச்சு அனுப்பிரலாம்.”

மேனேஜர் தப்ரேஸ் நெகிழ்ந்துபோனார். “செம்பூர்னா உங்க வீட்டுக்குப் பக்கம். கம்பெனிக்காக அவ்வளவு தூரம் வர்றேங்கறீங்களே!”

அம்பர்நாத்தே முடிவாயிற்று.

வீட்டில் அம்மா மீனாட்சியம்மாள் பொரிந்து தள்ளினாள். “ஏட்டி, ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? தெனமும் அம்புட்டு தூரம் ரயில்ல நசுங்கணுமா?”

“எங்க நசுங்க? காலைல ஜனம் பூரா அங்கருந்து சிட்டிக்குள்ள வரும். நான் எதிர்த்தாப்ல வெளிய போவேன். சாயந்தரமும் அப்படித்தான். ரயிலு காலியாக் கெடக்கும்மா. ஜன்னல் சீட்டு! இந்த ஒத்த ரூம்ல ஏழு பேருக்கு நடுவுல நிம்மதியா என்னிக்காவது உக்காந்திருக்கேனா?”

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அருகில் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“ஏட்டி, அங்க சமையலுக்கு ஆளு எடுப்பாவளா?”